ஐந்தரைக் கட்டை

லிம்மின் தந்தி அறுந்தபோது ஆனந்தராஜா மிருதங்கத்தில் தீர்மானத்தின், ஒரே அடுக்கை மூன்று முறை வாசித்து முடிக்கும் கணக்கின், நடுவில் இருந்தான். கை நிற்கவில்லை. கணக்கை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

லிம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான். தந்தியின் நுனி அங்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. மடியில் எர்ஹு. கைக்கு அடக்கமான மரக் குடுவை, அதன் முகத்தில் பாம்புத் தோல், குடுவையிலிருந்து மேலே போகும் ஒல்லியான காம்பு, இரண்டே இரண்டு தந்திகள். அந்த இரண்டுக்கும் நடுவில் வில்லை மாட்டி இழுப்பது சீனர் வழக்கம். இப்போது ஒன்றுதான் மிச்சம்.

"போச்சு லா," என்றான் லிம். "பட்டுத் தந்தி, அண்ணே. ஸ்டீல்னா தாங்கும். பட்டு கோவிச்சுக்கும்."

லிம் ஈப்போக்காரன். சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன்களோடு கோலி விளையாடிக் கற்றுக்கொண்ட தமிழ் அவனுடையது. இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படமாட்டான், பேசுவதை நிறுத்தவும் மாட்டான்.

"இன்னொன்று இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் கொலின். சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டான். ஆனந்தராஜாவோடு ஒரே அலுவலகத்தில் நில அளவையாளன். இந்த நால்வரையும் சேர்த்தவன் அவன்தான்.

"ஒன்றே ஒன்று. மாமா ஈப்போவிலிருந்து அனுப்பினால் வர ஒரு மாதமாகும்."

"ஞாயிற்றுக்கிழமை வானொலிப் பதிவு."

"தெரியும்."

"அங்கேயும் அறுந்தால்?"

லிம் தோளைக் குலுக்கினான். பேஸ் வாசிக்கும் புரூனோ தன் பெரிய வாத்தியத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே புகைக்கப் போனான். நியூடவுனில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம் அது. பெப்ரவரி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி வைத்திருந்தது. மாலை ஆறு மணிக்கும் சன்னலில் வெளிச்சம் இருந்தது.

கொலின் ஒரு கதிரையை இழுத்து ஆனந்தராஜாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.

"ராஜ், கேள். நாம் ஜி ஷார்ப்பில் வாசிக்கிறோம். உலகத்தில் யாரும் விரும்பி ஜி ஷார்ப்பில் வாசிப்பதில்லை. அரைப்படி இறங்கி ஜியில் வாசித்தால் லிம்மின் தந்திக்கு அது இயல்பான இடம். முறுக்கி ஏற்ற வேண்டியதில்லை. புரூனோவுக்கு விரலே வேண்டாம், வெறும் தந்தியைச் சுண்டினால் போதும். நான் எங்கேயும் ஊதுவேன். உன் மத்தளம் ஒன்றுதான் பாக்கி. அது இறங்காதா?"

"இறங்கும்."

"பிறகென்ன?"

"இறக்கமாட்டேன்."

கொலின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லிம் அவன் சப்பாத்தை மிதித்ததை ஆனந்தராஜா பார்த்தான். தன் மனைவி யோகாவைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டான். மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டினான்.

"ஞாயிறு வருவாய்தானே?" என்றான் கொலின்.

"வருவேன். ஐந்தரையில்."

ஜி ஷார்ப்பை அவன் ஐந்தரைக் கட்டை என்றுதான் சொல்லுவான். அது யோகாவின் சுருதி. பெண்கள் பொதுவாக ஐந்து கட்டையில் பாடுவார்கள். யோகாவுக்கு அரைக் கட்டை கூட. மிருதங்கம் கொழும்பில் வாங்கியது. அவளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பாடச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தது. கடைக்காரர் சிரித்தார். 'தம்பி, இது உமக்கு வாங்கிறதோ, அவவுக்கு வாங்கிறதோ?' பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலம் முழுக்க விட்டுவைத்திருந்த வாசிப்பை அவளுக்காகத்தான் மறுபடி எடுத்தான். அஷ்ஃபீல்டில் இரண்டறை வீடு, சனி ஞாயிறுகளில் அவள் பாட்டு, அவன் மிருதங்கம். மேல் வீட்டுக்காரி தரையைத் தடியால் இடிப்பாள். யோகா அதற்கும் தாளம் போடுவாள்.

போன மார்ச்சில் காய்ச்சல் என்று படுத்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் ஆள் இல்லை. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசம் வரைக்கும் அந்த வீட்டில் பாட்டு, மேளம் கூடாது. அது வழக்கம். அவனுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் சொல்லத் தெரியாது. ஆனால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. வரைபலகையில் தட்டின. ரயில் சன்னலில் தட்டின. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் முறைப்பாடு செய்தார். சாவு வீட்டுக்குப் பூங்கொத்தோடு வந்த அன்றே கொலின் மூலையில் மிருதங்கத்தைக் கண்டிருந்தான். 'மேசையை அடிப்பதற்குப் பதில் வியாழக்கிழமை மண்டபத்துக்கு வா,' என்றான்.

போகுமுன் ஆனந்தராஜா தனக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டான். சுருதியைத் தொடுவதில்லை. சுருதி கூட்டும் கல்லையும் மரக்கட்டையையும் வெளியே எடுப்பதில்லை. அவள் சுருதியிலேயே அது இருக்கும்வரை, அவன் வாசிப்பது அவளுக்குத்தான். மற்றவர்கள் அந்தச் சுருதிக்கு வந்து சேர்ந்துகொள்ளட்டும். அப்படியென்றால் வழக்கம் மீறப்படவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். லிம் தந்திகளை முறுக்கி ஏற்றினான். எர்ஹு அழுவதுபோல இழுக்க, சாக்ஸபோன் அதைக் கிண்டல் செய்ய, நடுவில் ஆதி தாளம் போனது. யாருக்கும் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் ஆனந்தராஜா ஒரு கணம் விடுவான். யோகா அங்கே சற்றுப் பொறுத்துத்தான் பல்லவியை எடுப்பாள். கொலின் அதற்கு 'ராஜின் ஓட்டை' என்று பெயர் வைத்திருந்தான். 'ஓட்டை வருகிறது, யாரும் விழாதீர்கள்!'

டிசம்பரில் ஒருநாள் கொலின், "உன் மத்தளம் கொஞ்சம் கீழே இருக்கிறதோ?" என்றான்.

"உன் சாக்ஸபோன் வெக்கையில் ஏறிவிட்டது," என்றான் ஆனந்தராஜா. சற்றுச் சத்தமாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மண்டபத்திலிருந்து ரயில் ஏறினான். சிவப்புப் பெட்டி. கதவுகளைத் திறந்தபடி விட்டுத்தான் ஓடும். அஷ்ஃபீல்ட் வந்தது. எழும்பவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்ட், பரமட்டா என்று போய்க்கொண்டே இருந்தது. மிருதங்கம் முழங்காலுக்கு நடுவில். பென்டில் ஹில்லில் இறங்கினான். அங்கிருந்து நாலு தெரு தள்ளி யோகாவின் தமக்கை சந்திரவதனாவின் வீடு. ரயில் மேடையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான். பிறகு எதிர்ப் பக்கம் போய்த் திரும்புகிற ரயிலில் ஏறிக்கொண்டான்.

சனி காலை சந்திரவதனா வந்துவிட்டா. கையில் சாப்பாட்டுக் கரியர். வாசலிலேயே தொடங்கினா.

"ராஜா, வியாழக்கிழமை எங்கட ஸ்ரேசனில நிண்டனீராம். அவர் வேலையால வரேக்க கண்டவர். கூப்பிட முந்தி ரயில் ஏறிட்டீராம். என்ன, எங்கட வீட்டு வழி மறந்து போச்சோ?"

"இல்லையக்கா. நித்திரையாகிப் போனன்."

"நித்திரையாகினவர் மேடையில நடந்து திரியிறவரோ?" அவ குசினிக்குள் போனா. மூடிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "என்ன இது, ரவைப் பக்கற் மட்டும் நாலு கிடக்கு? மனுசர் சாப்பிடுற சாமான் ஒண்டையும் காணேல்ல!"

"அது மிருதங்கத்துக்கு. இடப்பக்கத்துக்குப் பூசிறது. புரூனோ தாறவன், அவங்கட கடையில."

"ஓ. இத்தாலிக்காரன்ர ரவை, சீனன்ர பிடில், வெள்ளைக்காரன்ர குழல். நல்லாத்தான் இருக்கு." அவ வெளியே வந்து கையைத் துடைத்தா. கோபமில்லை. "நான் ஒண்டும் சொல்லேல்ல. திவசம் முடியட்டும் எண்டு மட்டும்தான் சொன்னனான். நீர் கேக்கேல்ல. சரி. உம்மட மனசு."

"நான் கச்சேரி செய்யேல்ல அக்கா. அவளின்ர சுருதியில சும்மா வாசிக்கிறன்."

சந்திரவதனா அவனை ஒருதரம் பார்த்தா. பிறகு வந்த காரியத்துக்கு வந்தா.

"யோகான்ர சுருதிப்பெட்டி எங்க? மகள் பத்மாவுக்குப் பாட்டுத் தொடக்கப் போறன். சும்மா கிடந்தால் உள்ளுக்குப் பூச்சி அரிச்சுப் போடும்."

அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவனே எடுத்துக் கொடுத்தான். சிவப்புத் துணி சுற்றியபடி. அவள் போன பிறகு அந்தத் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. அவனும்தான். தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போனான்.

கேத்தல் கொதிக்கும்போது அது வந்தது. முதலில் காற்று இழுக்கும் சத்தம், பிறகு சுருதி. கெட்டியாக, அசையாமல், நடுக்கூடத்தில் ஆள் வந்து நின்றதுபோல. ஆனந்தராஜா குசினி மேசையைப் பிடித்துக்கொண்டான். கேத்தல் ஊளையிட்டது. அதை நிறுத்தவேண்டும் என்பது தோன்றவில்லை.

"நல்லாத்தான் இருக்கு!" என்று கூப்பிட்டுச் சொன்னா சந்திரவதனா. "ஒரு நாக்கும் பழுதாகேல்ல. வாரும், மிருதங்கத்தையும் ஒருக்காத் தட்டும் பாப்பம். எவ்வளவு நாளாச்சுக் கேட்டு."

அவன் வந்தான். உறையைக் கழற்றினான். பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வலந்தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

இரண்டும் சேரவில்லை.

மறுபடி தட்டினான். சுருதி ஒரு பக்கம், மிருதங்கம் அதற்குக் கீழே இன்னொரு பக்கம். நடுவில் ஒரு நடுக்கம், பல்லில் மண் கடிபடுவதுபோல.

"என்ன ராஜா, இறங்கிப் போச்சே," என்றா சந்திரவதனா. அவவும் பாடத் தெரிந்தவ. ஏமாற்ற முடியாது. "இது யோகான்ர சுருதி இல்லையே. எவ்வளவு நாளா இப்பிடி?"

அவன் மேசை லாச்சியைத் திறந்து கல்லையும் கட்டையையும் எடுத்தான். விளிம்பின் மேல் கட்டையை வைத்துத் தட்டத் தொடங்கினான். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரு பக்கம் தட்டி, எதிர்ப் பக்கம் தட்டி, சுற்றிச் சுற்றி வந்தான். மேல் வீட்டுக்காரி தரையை இடித்தாள். அவனும் இடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நடுக்கம் குறைந்தது. நின்றது. ஒரு தட்டுக்கு இரண்டும் ஒன்றாயின.

"ஓம்," என்றா சந்திரவதனா, துருத்தியை விடாமல். "இப்ப சரி."

அவன் தொடர்ந்து தட்டினான். நாலு ஆவர்த்தனம் போயிருக்காது. நடுக்கம் திரும்பி வந்தது. முதலில் மெல்லியதாக. பிறகு பழையபடி. மறுபடி கல்லை எடுத்தான். மறுபடி ஏறியது, மறுபடி வழுகியது. தோலை இழுத்துப் பிடிக்கும் வார் தளர்ந்திருந்தது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சேர்ந்து தோலை இழுத்துவிட்டிருந்தன. அவிழ்த்து முழுசாக வார் பிடிக்கவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் சிட்னியில் யாரும் இல்லை.

"விடும் ராஜா," என்றா சந்திரவதனா. பெட்டியை மூடினா. கூடம் வெறுமையானது. "தோல்தானே. நிக்காது."

"கொண்டு போங்கோ அக்கா."

"உமக்கு வேணுமெண்டால் இருக்கட்டும். பத்மாவுக்கு வேறை ஒண்டு..."

"இல்லை. கொண்டு போங்கோ. அது சரியா இருக்கு."

அவ பெட்டியைத் துணியில் சுற்றினா. வாசலில் செருப்புப் போடும்போது, "கரியரில மீன் குழம்பு. இண்டைக்கே சாப்பிடும். நாளைக்கு வைச்சிராதையும்," என்றா. தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை அவன் காணாத மாதிரி நின்றான்.

அன்று முழுக்க நடந்தான். ஹோம்புஷ் வரை போனான், திரும்பினான். கடைகளை மத்தியானத்தோடு பூட்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் யாரோ புல் வெட்டினான், இன்னொரு வீட்டில் கிரிக்கெட் வர்ணனை. ஐந்தரை என்று சொல்லிக்கொண்டு எத்தனை மாதம் வாசித்திருக்கிறான். டிசம்பரில் கொலின் சொன்னபோதே இறங்கியிருக்கிறது. அவனுக்கும் கேட்கத்தான் செய்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டான். அப்படியென்றால் இவ்வளவு நாளும் யாருக்கு வாசித்தான்? அவளுக்கு இல்லை. அவள் மேலே, பெட்டிக்குள், துணி சுற்றி இருந்தாள். அவன் கீழே, ஒரு சீனனோடும் இரண்டு வெள்ளைக்காரரோடும், விருப்பமாகத்தான் வாசித்திருக்கிறான். வியாழக்கிழமை எப்போது வரும் என்று பார்த்திருக்கிறான். அதை நினைத்தபோது வீதியின் நடுவில் நின்றுவிட்டான். ஒரு கார் ஹோர்ன் அடித்தது.

ஞாயிறு போகாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தான். குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டான். நல்ல உறைப்பு.

ஞாயிறு மத்தியானம் வானொலி நிலையத்தின் சிறு கூடத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் வந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் பதிவுக்காரர் ஓர் இளம் பெண். காதில் கருவி மாட்டிக்கொண்டு கொலினிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாடாவின் மேல் எழுதவேண்டும். இது என்ன வகை இசை?"

"ஜாஸ்," என்றான் கொலின்.

"ரோஜாக் லா," என்றான் லிம். "எங்கள் ஊரில் காய், பழம், பொரித்தது எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு மேலே குழம்பு ஊற்றுவார்கள். முதலில் பயமாக இருக்கும். பிறகு விடமாட்டீர்கள்."

அவள் ஜாஸ் என்று எழுதிக்கொண்டாள்.

லிம் மூலையில் உட்கார்ந்து கடைசித் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தான். மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் வலிப்பவன் முகத்தோடு. ஆனந்தராஜாவைக் கண்டதும் சிரித்தான்.

"வா அண்ணே. பயப்படாதே. நல்லாப் பேசி வச்சிருக்கேன் இதுகிட்ட. இன்னைக்கு ஒரு நாள் தாங்கு, நாளைக்கு உனக்கு லீவு."

"லிம், ஏத்தாதை."

லிம்மின் கை நின்றது.

"மிருதங்கம் இறங்கியிருக்கு," என்றான் ஆனந்தராஜா. "உனக்குத் தெரியும்."

லிம் கொலினைப் பார்த்தான். கொலின் சாக்ஸபோனின் விசைகளைத் துடைக்கத் தொடங்கினான். தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்கு விளங்கிவிட்டது. புரூனோ பேஸுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். அது மறைவதற்குத் தோதான வாத்தியம்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"ரொம்ப நாளா லா."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னோமே. கொலின் சொன்னான். நீ கத்தினே." லிம் முறுக்காணியை விட்டான். "மறுபடி சொன்னா நீ வரமாட்டே. வீட்டுல உக்காந்துருவே. அதான் பேசாம இருந்தோம். தந்திதானே, அண்ணே. மாமாகிட்ட கேட்டா அனுப்புவாரு. உன்னை யாருகிட்டக் கேக்கிறது?"

ஆனந்தராஜா தரையில் உட்கார்ந்தான். உறையைக் கழற்றினான். கோபப்படலாமா என்று பார்த்தான். வரவில்லை. ஏதோ வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அந்தப் பெண் கையைக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"ஜி கொடு," என்றான்.

லிம் தந்தியைத் தளர்த்தினான். அது இறங்கும்போது முனகியது. இயல்பான இடத்துக்கு வந்ததும் வில்லை வைத்து நீளமாக இழுத்தான். ஆனந்தராஜா கட்டையைக் கீழிருந்து வைத்தான். கல்லை ஓங்கினான். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தான்.

தட்டினான். எதிர்ப் பக்கம் தட்டினான். சுற்றி இன்னும் இரண்டு இடத்தில். வேலை முடிந்துவிட்டது. முக்கால்வாசித் தூரத்தை அது தானாகவே இறங்கி வந்திருந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் கொலின்.

"அவ்வளவுதான்."

புரூனோ ஒரு கடதாசிப் பையை நீட்டினான். ரவை. ஆனந்தராஜா தண்ணீர் விட்டுக் குழைத்து இடப்பக்கத்தில் அப்பினான். விரல்கள் ஈரமாக இருக்கும்போதே சிவப்பு விளக்கு எரிந்தது.

லிம் தொடங்கினான். ஜியில் எர்ஹு வேறொரு வாத்தியமாக இருந்தது. இத்தனை மாதமும் அது தொண்டையை நெரித்துக்கொண்டு பாடியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. கொலின் வந்து சேர்ந்தான். பேஸ் கீழே விரித்துக் கொடுத்தது. ஆனந்தராஜா சதுச்ர நடையில் நுழைந்து மெல்ல வேகம் ஏற்றினான். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அவன் முறை.

வாசித்தான். எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. கொஞ்சம் அவசரமாக வாசித்தான், தாளம் முந்திக்கொண்டு ஓடுவதும் தெரிந்தது, பிடிக்க மனமில்லை. தீர்மானத்துக்கு வந்தான். ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. கடைசி அடி விழுந்தது. கை பழக்கத்தில் நின்றது. ஓட்டை.

யோகா அங்கே எடுக்கமாட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுப்பாள். அவனுக்கு அந்த நீளம் தெரியும்.

லிம் பொறுக்கவில்லை. ஓட்டையின் நடுவிலேயே வில்லை இழுத்து ஏறிவிட்டான், பிழையான இடத்தில், தந்தி முழுக்கக் குரலாக. கொலினின் கண்கள் பெரிதாயின. தாளம் எங்கேயோ நின்றது, பாட்டு எங்கேயோ போனது.

ஆனந்தராஜாவுக்கு யோசிக்க நேரமில்லை. இடப்பக்கத்தில் ஓங்கி ஓர் அடி. ரவை தெறித்துக் காற்சட்டையில் விழுந்தது. ஓடிப்போய்ப் பாட்டைப் பிடித்தான்.